கன்சோலின் நடுவயதில் கேம்களுக்கு என்ன வேலை?

புதுக் கன்சோல் ஒன்று வரும்போது எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அது ஓய்வுபெறும்போதும் பழைய நினைவுகளைக் கிளறிப் பேசுவார்கள். நடுவில் கிடக்கும் மூன்று நான்கு வருடங்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் கன்சோல் நிறுவனம் நன்றாகச் சம்பாதிப்பது அந்த வருடங்களில்தான். அடுத்த கன்சோல் தேறுமா, மண்ணைக் கவ்வுமா என்பது பாதி முடிவாவதும் அப்போதுதான்.

2022-ன் தொடக்கத்தில் ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோவின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, தங்கள் ஸ்விட்ச் கன்சோல் இப்போதுதான் தன் ஆயுளின் நடுப்பகுதியில் இருக்கிறது என்று சொன்னார். ஸ்விட்ச் வந்தது 2017 மார்ச்சில். ஐந்து வருடம் ஓடிய ஒரு கருவியை நடுவயது என்றால், சமாளிக்கிறார் என்றுதான் தோன்றும். ஆனால் அடுத்ததான ஸ்விட்ச் 2 கடைக்கு வந்தது 2025 ஜூனில். எட்டேகால் வருட ஆயுளில் ஐந்தாவது வருடத்தை நடு என்று சொன்னது பெரிய பொய்யில்லை. அந்த நடுப்பகுதியில் ஒரு நிறுவனம் என்னென்ன கேம்களை, எந்த வரிசையில், யாருக்காக வெளியிடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் அடிப்படை. கன்சோல் என்பது கேம் ஆடுவதற்கென்றே செய்த கணினி. ஃபோன் மாதிரி வருடாவருடம் அதன் உள்ளே இருக்கும் சிப் மாறாது. ஒருமுறை வெளியிட்டால் ஆறேழு வருடம் ஏறக்குறைய அதே சிப், அதே நினைவகம். முதல் நாள் வாங்கியவரிடமும் ஐந்தாம் வருடம் வாங்கியவரிடமும் ஒரே கேம் ஒரே மாதிரி ஓட வேண்டும். இந்த ஒரு சுற்றைத்தான் தலைமுறை என்கிறார்கள். கருவி மாறாமல் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. கேம் செய்பவர்களுக்கு அதன் மூலைமுடுக்கெல்லாம் பழகிவிடும். அதனால்தான் ஒரு கன்சோலின் கடைசி வருடக் கேம்கள், முதல் வருடக் கேம்களைவிடப் பெரும்பாலும் அழகாக இருக்கும்; பெட்டியோ அதேதான்.

அடுத்தது பணம். கன்சோலை விற்றுத்தான் நிறுவனம் லாபம் பார்க்கிறது என்று நினைத்தால், பல சமயம் அது தவறு. ஃபோர்ட்நைட் கேமைச் செய்த எபிக் நிறுவனத்துக்கும் ஆப்பிளுக்கும் 2021-ல் நடந்த வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி லோரி ரைட், எக்ஸ்பாக்ஸ் கன்சோலை விற்றதில் தங்கள் நிறுவனம் லாபமே பார்த்ததில்லை என்றார். நின்டெண்டோ பொதுவாகக் கன்சோல் விற்பனையிலும் கொஞ்சம் லாபம் வைத்துக்கொள்ளப் பார்க்கும். ஆனால் அதற்கும் பெரிய வருமானம் கேமில்தான். சொந்தமாகச் செய்த கேம் விற்றால் பணத்தில் பெரும்பகுதி அதன் பைக்கே போகும். மற்ற நிறுவனங்களின் கேம் விற்றால் அதில் ஒரு பங்கு கிடைக்கும். கன்சோலின் இணையக் கடையில் அந்தப் பங்கு வழக்கமாக 30 சதவீதம். ஆக, கன்சோல் என்பது கடை, கேம்தான் சரக்கு. கடையைக் கட்ட முதல் இரண்டு வருடம் செலவழித்தவர், கல்லாவைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இதற்கு நின்டெண்டோ வெளியிட்ட கணக்கே நல்ல சாட்சி. அவர்களுடைய நிதியாண்டு மார்ச்சில் முடியும். 2018 மார்ச்சில் முடிந்த ஆண்டில் சுமார் 1 கோடியே 50 லட்சம் ஸ்விட்ச் விற்றது; கூடவே 6 கோடியே 35 லட்சம் கேம்கள் விற்றன. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் விற்ற ஸ்விட்ச்சும் ஏறக்குறைய அதே அளவுதான், 1 கோடியே 57 லட்சம். ஆனால் கேம்கள்? கிட்டத்தட்ட 20 கோடி. ஒரே அளவு பெட்டி, மூன்று மடங்கு சரக்கு. காரணம் எளிது. 2018-ல் கேம் வாங்க ஆளே கொஞ்சம்தான். 2024-ல் கேம் வாங்கியது அந்த வருடம் கன்சோல் வாங்கியவர்கள் மட்டுமில்லை, ஏழு வருடமாகச் சேர்ந்த கூட்டம்.

இன்னொரு விவரம், எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்விட்ச் கன்சோல் விற்பனை உச்சம் தொட்டது 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டில், 2 கோடியே 88 லட்சம். அடுத்த ஆண்டு அது 2 கோடியே 30 லட்சமாக இறங்கிவிட்டது. செய்தியை மேலோட்டமாகப் படித்தவர்கள் கதை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கேம் விற்பனை உச்சம் தொட்டது அந்த இறங்கிய ஆண்டில்தான்: 23 கோடியே 50 லட்சம். கன்சோலின் மலையும் கேமின் மலையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கேமின் மலை சற்றுத் தள்ளி நிற்கும். அந்த இடைவெளியில்தான் நடுவயது ஆரம்பிக்கிறது.

சரி, அப்போது கேம்களின் வேலை எப்படி மாறுகிறது?

முதல் வருடத்தில் கேமின் வேலை ஒன்றே ஒன்று, ஆளைக் கடைக்குள் இழுப்பது. ஸ்விட்ச் வந்த முதல் மாதம் அமெரிக்காவில் 9 லட்சத்து 6 ஆயிரம் கன்சோல் விற்றது. அதே மாதம் அதற்கான செல்டா என்ற சாகச கேம் விற்றது 9 லட்சத்து 25 ஆயிரம். கன்சோலைவிடக் கேம் அதிகமாக விற்றிருக்கிறது! பெட்டி கிடைக்காதவர்கள்கூட, எப்படியும் வாங்கத்தானே போகிறோம் என்று கேமை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். ஒன்று ஆட, ஒன்று அலமாரியில் வைக்க என்று இரண்டு வாங்கியவர்களும் இருக்கலாம். முதல் வருட வாடிக்கையாளர் அப்படிப்பட்டவர். புது விஷயம் என்றால் பறப்பவர், கேம் பெயர்களை மனப்பாடமாகச் சொல்பவர்.

நடுவயதில் வருபவர் வேறு ஆள். யாரோ வீட்டில் ஆடியதைப் பார்த்து வருகிறார், குழந்தை நச்சரித்து வருகிறார், விலை குறையட்டும் என்று காத்திருந்து வருகிறார். அவருக்கு எந்த கேம் எப்போது வந்தது என்பதெல்லாம் தெரியாது, தேவையும் இல்லை. பெட்டியோடு எதை வாங்கலாம் என்று கேட்பார். அவருக்கு ஐந்து வருடப் பழைய கேமும் புதுக் கேம்தான்.

இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டால் பல விஷயங்கள் புரியும். மரியோ கார்ட் 8 என்ற பந்தய கேம் முதலில் 2014-ல் வந்தது, ஸ்விட்ச்சுக்கு முந்தைய வீ யூ என்ற கன்சோலுக்கு. அந்தக் கன்சோல் மொத்தமே 1 கோடியே 35 லட்சம்தான் விற்றது, பெரிய தோல்வி. அதே கேமைக் கொஞ்சம் மெருகேற்றி, டீலக்ஸ் என்று பெயர் சேர்த்து 2017 ஏப்ரலில் ஸ்விட்ச்சுக்குக் கொண்டுவந்தார்கள். அது 6 கோடிக்கும் மேல் விற்றது. அதுவும் ஒரே மூச்சில் இல்லை. வருடாவருடம், புதிதாகக் கன்சோல் வாங்கிய ஒவ்வொரு கூட்டமும் அதையும் சேர்த்து எடுத்துப்போனது. இப்படி வாடாமல் விற்கும் கேம்களை எவர்கிரீன் என்கிறார்கள். இவற்றின் விலையை நின்டெண்டோ லேசில் குறைப்பதில்லை. ரசிகர்களுக்கு அது எரிச்சல்தான். ஆனால் காத்திருந்தால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்ற எண்ணம் வாங்குபவர் மனதில் ஒருமுறை விழுந்துவிட்டால், முதல் நாள் விற்பனையும் அடிவாங்கும் என்பது அவர்கள் கணக்கு.

சோனியின் பழக்கம் இதற்கு நேர்மாறு. தங்கள் பிளேஸ்டேஷன் 4 கன்சோலின் ஐந்தாவது வருடத்தில், 2018 ஜூனில், நன்றாக விற்று ஓய்ந்த கேம்களைப் பிளேஸ்டேஷன் ஹிட்ஸ் என்ற பெயரில் 20 டாலருக்குக் கொடுத்தார்கள். தாமதமாக வருபவர் கையில் காசு குறைவு, மலிவாகக் கொடுத்தால் நாலைந்தாக அள்ளுவார் என்பது இந்தக் கணக்கு. எது சரி என்று என்னைக் கேட்டால், இரண்டும் சரிதான் என்பேன். ஆளை ஆள் வம்புக்கிழுக்கும் மரியோ கார்ட் பத்து வருடம் கழித்தும் பழசாவதில்லை. கதை சொல்லி முடியும் கேம் முதல் இரண்டு மாதத்தில் சூடு ஆறிவிடும். சரக்குக்குத் தகுந்த விலைக்கொள்கை.

வீ யூ தோற்றது நின்டெண்டோவுக்கு இன்னொரு வகையில் வரமானது. யாரும் ஆடாத நல்ல கேம்கள் ஒரு கிடங்கு நிறைய இருந்தன. 2018 முதல் 2021 வரை டாங்கி காங், மரியோ, பிக்மின் என்று ஒவ்வொன்றாகத் தூசி தட்டி ஸ்விட்ச்சுக்கு மாற்றினார்கள். இப்படி ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதைப் போர்ட் என்பார்கள். பழைய சோற்றைச் சூடுபண்ணித் தருகிறார்கள் என்று கிண்டல் வரத்தான் செய்தது. ஆனால் பெரிய கேம் ஒன்று வந்து அடுத்தது வருவதற்கு இடையே உள்ள வெற்று மாதங்களை அவைதான் நிரப்பின.

நடுவயதில் இன்னொரு சுதந்திரமும் கிடைக்கிறது. கோடிக்கணக்கானவர் கையில் கருவி இருப்பதால், விசித்திரமான யோசனைகளையும் துணிந்து வெளியிடலாம். 2019 அக்டோபரில் வந்த ரிங் ஃபிட் அட்வெஞ்சர் அப்படிப்பட்டது. கையில் ஒரு வளையத்தை அழுத்தி, தொடையில் ஒரு பட்டையைக் கட்டி, வியர்வை சொட்ட ஓடி அரக்கனை அடிக்க வேண்டும். முதல் வருடத்தில் இதை வெளியிட்டிருந்தால் இதற்காக யார் கன்சோல் வாங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் வந்ததால் 1 கோடியே 50 லட்சத்துக்கும் மேல் விற்றது.

எல்லாவற்றுக்கும் தாத்தா கேம்பாய். 1989-ல் வந்த கறுப்பு வெள்ளைக் கைக்கருவி. 1996 பிப்ரவரியில், ஏழு வயதில், அதற்கு ஜப்பானில் போக்கிமான் வந்தது. மூட்டை கட்டவேண்டிய கருவிக்கு இரண்டாவது இளமை. ஒரு கன்சோலின் ஆயுளைத் தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் சிப் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றும்.

நடுவில் கருவியையும் கொஞ்சம் தொட்டுப் பார்ப்பார்கள். ஸ்விட்ச் லைட் 2019-ல் 200 டாலருக்கு, ஓஎல்இடி திரை மாடல் 2021-ல் 350 டாலருக்கு. சோனி 2016-ல் பிளேஸ்டேஷன் 4 ப்ரோ விட்டது. இவை புதுத் தலைமுறை ஆகாது, ஏனென்றால் அதே கேம்கள்தான் இவற்றிலும் ஓடும். ஆன்லைன் சந்தா, ஏற்கெனவே வாங்கிய கேமுக்குக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதிகள் எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் நன்றாக விளையும். ஆள் நிறைய இருக்கும் இடத்தில்தானே சந்தா வசூலாகும்.

இதுவரை சொன்னது அறுவடை. இனி விதைநெல்.

கேம் செய்யும் ஆட்கள் கணக்கில்தான் இருக்கிறார்கள். திறமையான ஒரு குழுவை இன்றைய கன்சோலுக்கு இன்னொரு கேம் செய்யச் சொல்லலாம், அல்லது அடுத்த கன்சோலுக்கு இப்போதே வேலையைத் தொடங்கச் சொல்லலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யச் சொல்ல முடியாது. பெரிய கேம் ஒன்றுக்கு நாலைந்து வருடம் பிடிக்கிறது. எனவே அடுத்த கன்சோலின் முதல் நாள் கேமை இன்றைய கன்சோலின் நடுவயதிலேயே ஆரம்பித்தாக வேண்டும். எல்லாவற்றையும் இன்றைக்கே போட்டு வெளியிட்டால் இந்த வருடம் கல்லா நிறையும். ஆனால் அது விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்ட கதையாகிவிடும். எல்லாரையும் அடுத்ததற்கு அனுப்பிவிட்டால் இன்றைய கன்சோல் பட்டினி கிடக்கும்.

இரண்டாவது தவறைச் செய்து, அதோடு முதல் பிரச்சினையிலும் மாட்டிக்கொண்ட கன்சோல், வீ யூவுக்கு முந்தைய வீ. 2006-ல் வந்து 10 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. அப்படிப்பட்டதற்குக் கடைசி இரண்டு வருடங்களில் பெயர் சொல்லும்படி வந்த கேம்களை எண்ண ஒரு கை போதும். ஆட்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். சரி, அடுத்ததாவது நிறைவாக வந்ததா என்றால் அதுவும் இல்லை. 2012 நவம்பரில் வீ யூ வந்தபோதும் கேம் பஞ்சம். உயர்தெளிவுப் படத்துக்கு முதல்முறையாக மாறியதில், முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்கள் தேவைப்பட்டதாக நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. பிக்மின் 3 என்ற கேம் முதலில் வீ கன்சோலுக்காகத் தொடங்கியது. பிறகு வீ யூவுக்கு மாறி, கன்சோல் வந்த முதல் சில மாதங்களுக்குள் வரும் என்று சொல்லி, கடைசியில் 2013-ன் நடுப்பகுதியில்தான் வந்தது. பழைய கன்சோலுக்கும் இல்லை, புதியது வந்தபோதும் இல்லை. போதாததற்கு 3டிஎஸ் என்ற கைக்கருவியும் அதே ஆட்களிடம் கேம் கேட்டுக்கொண்டிருந்தது. 2011 பிப்ரவரியில் வந்த அந்தக் கருவி சரியாக விற்காமல், ஆறு மாதத்துக்குள் ஜப்பானில் 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னுக்கு விலையைக் குறைக்க வேண்டியிருந்தது.

ஸ்விட்ச்சின் நடுவயது ஏன் வறளவில்லை என்பதற்கு என் கணிப்பில் பெரிய காரணம் இதுதான்: வீட்டுக் கன்சோலும் கைக்கருவியும் ஒன்றாகிவிட்டன. இரண்டு வீட்டுக்குச் சமைத்தவர்கள் ஒரே அடுப்பில் சமைக்க ஆரம்பித்தார்கள். ஸ்விட்ச் வருவதற்கு முன்பே, 2015-ல், பிரிந்து கிடந்த உள் பிரிவுகளை நின்டெண்டோ ஒன்றாக இணைத்தும் விட்டது. அதனால் 2023 மே மாதம், ஸ்விட்ச்சின் ஏழாவது வருடத்தில், டியர்ஸ் ஆஃப் த கிங்டம் என்ற புதுச் செல்டாவை வெளியிட முடிந்தது. மூன்றே நாளில் ஒரு கோடி விற்றது.

மற்ற இருவரான சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் இதே கட்டத்தில் வேறு சிக்கலில் மாட்டினார்கள். சோனியின் பெரிய கேம்களின் செலவு எக்கச்சக்கம். அமெரிக்க வழக்கு ஒன்றில் வெளிவந்த ஆவணப்படி, த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 என்ற ஒரு கேமுக்கு மட்டும் சுமார் 22 கோடி டாலர். ஒருமுறை விற்று முடிகிற கேமுக்கு இவ்வளவு போடுவதைவிட, வருடக்கணக்கில் ஆன்லைனில் ஓடி, தொடர்ந்து காசு கொட்டும் கேம்களைச் செய்யலாம் என்று யோசித்தார்கள். லைவ் சர்வீஸ் என்பது அந்த வகையின் பெயர். 2026 மார்ச்சுக்குள் 12 கேம் என்று திட்டம் போட்டு, 2023 நவம்பரில் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். 2024 பிப்ரவரியில் அந்த வகையில் ஹெல்டைவர்ஸ் 2 வந்து, 12 வாரத்தில் 1 கோடியே 20 லட்சம் விற்றது. அதே வருடம் ஆகஸ்ட் 23-ல் கான்கார்ட் வந்தது. செப்டம்பர் 6-ல் இழுத்து மூடி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டே வாரம். நடுவயதில் கூட்டம் பெரிதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தின் மாலை நேரத்தை ஏற்கெனவே வேறு கேம்கள் பிடித்துவைத்திருக்கின்றன.

மைக்ரோசாஃப்ட் கதை சுருக்கமானது. கன்சோல் விற்பனையில் பின்தங்கியதும், தன் கேம்களைத் தன் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் பழக்கத்தையே தளர்த்தியது. 2024 பிப்ரவரியில் நான்கு கேம்களைப் போட்டியாளர்களின் கன்சோல்களுக்கும் கொடுப்பதாக அறிவித்தார்கள். அடுத்த வருடம் ஃபோர்ஸா ஹொரைசன் 5 பிளேஸ்டேஷன் 5-க்கே வந்துவிட்டது. கடை சரியாக ஓடவில்லை என்றால் சரக்கைப் பக்கத்துக் கடையில் வைத்து விற்கலாம். ஆனால் அப்புறம் நம் கடைக்கு ஏன் வரவேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பார். அதற்குச் சந்தாத் திட்டமான கேம் பாஸ்தான் அவர்கள் சொல்லும் பதில்.

இனி ஒரு நிறுவனத்தின் நடுவயது அறிவிப்புகளைப் பார்க்கும்போது, என்ன வருகிறது என்பதோடு யார் சத்தமில்லாமல் இருக்கிறார்கள் என்றும் கவனியுங்கள். மரியோ கார்ட் 8 டீலக்ஸுக்கு 2022 முதல் 2023 வரை ஆறு தவணையாக 48 கூடுதல் பந்தயத் தடங்கள் வந்தன. எட்டு வருடப் பழைய கேமுக்கு எதற்கு இவ்வளவு உழைப்பு, புதிதாக ஒன்றைச் செய்யக்கூடாதா என்று அப்போது பலருக்குத் தோன்றியது. பதில் 2025-ல்தான் தெரிந்தது. புதியதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஸ்விட்ச்சுக்காகத் தொடங்கிய மரியோ கார்ட் வேர்ல்ட், வழியில் ஸ்விட்ச் 2-க்கு மாறி, அந்தக் கன்சோலின் முதல் நாள் கேமாக வந்தது. கூடுதல் தடங்கள், அதுவரை ஆட்களைப் பழைய கேமில் உட்காரவைக்கும் ஏற்பாடு.

சூப்பர் மரியோ ஒடிசி செய்த குழுவும் அப்படித்தான். 2017 அக்டோபருக்குப் பிறகு முழு அளவிலான முப்பரிமாண மரியோ வரவே இல்லை. 2021-ல் ஒரு பழைய கேமின் மறுவெளியீட்டோடு ஒட்டி வந்த சின்னச் சாகசம் ஒன்றுதான் வந்தது. ஒடிசி போல ஒரு கேமைச் செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்டார்கள். அவர்கள் முதலில் ஸ்விட்ச்சுக்காகவும் பிறகு ஸ்விட்ச் 2-க்காகவும் பாறைகளை உடைக்கும் ஒரு குரங்கைச் செய்துகொண்டிருந்தார்கள். டாங்கி காங் பனான்ஸா 2025 ஜூலையில் வந்தது, புதுக் கன்சோல் கடைக்கு வந்த அடுத்த மாதம்.